விடுமுறையில் ஊறிய எலும்பு

யாணித் திருநாளுக்கு முந்தின சாயங்காலம்
ஓக் இலை மாலை கட்ட எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
நானும்தான்.
இடுப்பெலும்பில் எடுத்த தீக்குச்சி அளவுத் துண்டை
அமிலத்தில் போட்டு மூடியைத் திருகினேன்.
சுண்ணாம்பு கரைந்தால்தான் எலும்பு கத்திக்கு இணங்கும்.
ஆறு மணி நேரம் போதும்.

லியெபாயாவில் அன்றிரவு சூரியன்
போக மனமில்லாமல் கடலோரத்திலேயே நின்றது.
நெருப்பைத் தாண்டினேன். பீர் குடித்தேன்.
மூன்றாம் நாள் காலை, பல் துலக்கும்போது
நினைவு வந்தது.
வாயில் நுரையோடு சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வில்லையில் உட்கருக்கள் எல்லாம் நீலம்.
வெறும் நீலம், பேருக்கு ஒரு பழுப்புப் புள்ளி கிடையாது.
ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: பூஜ்யம்.

ஏழு வருடம் முன்பு இதே பெண்ணின் மார்பில்
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
கிடங்குக்குப் போய் அந்த மெழுகுக் கட்டியை எடுத்தேன்.
ஓரத்தில் பென்சில் எண், என் கைதான்;
அப்போதெல்லாம் ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுவேன்.
மறுபடி சீவினேன், சாயமேற்றினேன்.
ஆறிப்போன தேநீர்போல் அடர்ந்த பழுப்பு.
இத்தனை காலம் மெழுகுக்குள் கிடந்தும்
அது ஒன்றையும் மறக்கவில்லை.

அப்படியானால் நடுவில் மறந்தது யார்?
ஊர்விட்டு ஊர் போன கட்டியா,
என் ஜாடியா?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு;
மார்பில் இருந்தவள் எலும்பில் போய்க் குடியேறியபின்
பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்
திரும்பாமல் இருக்கலாம். நடக்கிறதுதான்.
ஆனால் ஏற்பியைத் தின்னும் பழக்கம்
அமிலத்துக்கும் உண்டு.

டாக்டர் ஔஸ்மாவிடம் சொன்னேன்:
அறுபது மணி நேரம்.
அவர் திட்டியிருக்கலாம்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு
"கல்லீரலிலும் ஒன்று தெரிகிறது,
அங்கிருந்து எடுக்கச் சொல்கிறேன்" என்றார்.
அவருக்கு ஒரு வரி.
அந்தப் பெண்ணுக்கு இன்னொரு ஊசி.

பெயர் ஸ்கைத்ரீதே, வயது ஐம்பத்தெட்டு.
மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்று
படிவத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு மாத்திரை.
அவற்றில் எது முதல்
ஆளில்லாத வீட்டுக்குப் போன தபால்?
மதிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

கல்லீரல் மெத்தென்றது, அமிலம் வேண்டாம்.
நேரத்தை நிமிடத்தோடு எழுதினேன்.
வெட்டும்போது இருமலைக்கூட அடக்கிக்கொண்டேன்.
வில்லையின் ஓரத்தில் ஒட்டிய சோதனைத் துண்டு
சொன்னபடி பழுப்பேறியது: சாயம் சரி, கை சரி.
நடுவில் கல்லீரல்.
நீலம்.
ஓரத்திலிருந்து ஓரம்வரை, இன்னொரு முறை பார்த்தும்,
நீலம்.

மறைக்க மாட்டேன்.
முதலில் வந்தது நிம்மதி.
நான் இல்லை. ஜாடி இல்லை. யாணி நெருப்பு இல்லை.
தோள் இரண்டும் தாமாக இறங்கின,
பசிகூட எடுத்தது.
ஒரு மூச்சு நீளம் இருக்கும்.
அந்த மூச்சை வெளியே விடுவதற்குள் தெரிந்துவிட்டது
அது யாருடைய கணக்கில் எடுத்த மூச்சு என்று.

இனி அவளுக்கு அந்த மாத்திரை இல்லை.
வேறு மருந்து, வேறு நாற்காலி, முடி கொட்டும்.
டாக்டர் ஔஸ்மா தொலைபேசியில்
தாழ்ந்த குரலில் யாருக்கோ எழுத்தெழுத்தாகச்
சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கிடங்கில் இழுப்பறைகள் வருடக் கணக்கு.
மார்பு அந்த வருடத்துக்குத் திரும்பியது,
கல்லீரல் இந்த வருடத்துக்கு.
ஒரே பெண், நடுவே பதினான்கு அடி நடை.

எலும்பு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.
அதன் அறிக்கையில் 'மதிப்பிட இயலாது' என்றிருக்கிறது.
கீழே என் முதலெழுத்து.
ஏழுக்கு மறுபடி குறுக்குக்கோடு போட
ஆரம்பித்திருக்கிறேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.