ஈரக் கழிவு

தைமஸ் என்றார் டாக்டர்.
நெஞ்செலும்புக்குப் பின்னால்
இரண்டு இலையாய் ஒட்டியிருக்குமாம்.
குழந்தைக்குப் பெரிசு,
வளர வளரச் சுருங்கிக்
கொழுப்பாகிப் போகுமாம்.
எனக்கு நாற்பத்தாறு வயதில்
மறுபடி துளிர்த்திருக்கிறது.
கவாத்து வெட்டினால்தான் துளிர்க்கும் என்று
நினைத்திருந்தேன் இத்தனை நாள்.

கீமோ ஆறு, கதிர்வீச்சு இருபத்தெட்டு.
எல்லாம் முடிந்த பிறகு
நுரையீரல் உறையில் நாலு புள்ளி.
'இனி ஓர் ஆராய்ச்சி மருந்து இருக்கிறது' என்றார்,
இருக்கிறது என்பதை மட்டும்
மெல்லச் சொல்லி.

ஒப்புதல் படிவம் பத்தொன்பது பக்கம்.
தமிழில்தான் இருந்தது,
தமிழ் மாதிரி இல்லை.
'தங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம்'
அந்த ஒரு வரி மட்டும்
யாரோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து
எழுதியது போலிருந்தது.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தேன்,
சி. யோகமலர், சி. யோகமலர்.
கடைசிப் பக்கத்தைத் தாண்டியதும்
நான் பதினான்கு.

நாடு முழுக்கத் தேடியும்
இந்த நோய்க்கு நாற்பது பேர் சேரவில்லை என்றாள் ஷெரின்.
உறைபனி மாதத்துக் கொழுந்து வரத்து போல.

மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்,
நாலரை மணி முதல் பஸ், வெறும் வயிறு.
குஞ்சப்பனையில் யானை நின்றால்
ரத்தம் எடுக்கும் நேரம் தப்பும்.
ஒருமுறை தப்பியது.
'நெறிமுறை விலகல்' என்று எழுதி
காரணம்: யானை
என்று போட்டாள் ஷெரின்.
அது எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குப் போய்
யார் படித்துக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்களோ.

மாத்திரை இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே இருக்கணுமாம்.
அதற்குக் கோத்தகிரியே போதும்.

இரண்டாம் சுற்றில் உள்ளங்கை உரிந்தது.
கிரேடு ஒன்றா இரண்டா என்று கேட்டார்கள்.
பொத்தான் போட முடிகிறதா?
முடிகிறது.
சோறு பிசைய?
ஆறினால் முடிகிறது.
தராசுக் கொக்கியில் சாக்கை மாட்ட?
அந்தக் கேள்வி அவர்கள் தாளில் இல்லை.

பதினெட்டு வருஷம் கொழுந்து நிறுத்தவள் நான்.
மழை நாளில்
முப்பது கிலோ சாக்குக்கு மூன்று கிலோ ஈரக் கழிவு.
'மழையில பறிக்கல அக்கா, விடியப் பனிதான்' என்பார்கள்.
நான் முள்ளைப் பார்ப்பேன்.
முகத்தைப் பார்த்தால் கணக்கு தவறும்.

இப்போது என்னை நிறுக்கிறார்கள், மில்லிமீட்டரில்.
நாலு புள்ளியும் கூட்டி எண்பத்தொன்று.
எட்டு வாரம் கழித்து எழுபத்தைந்து.
முப்பது சதவீதம் குறைந்தால்தான்
மருந்து கேட்டது என்று கணக்காம்.
ஆறு மில்லிமீட்டர்
அவர்களுக்கு ஈரம்.
'நிலையான நோய்' என்று திரையில் வந்தது.
அப்படியே நிற்கிறது, நல்லதுதான் என்றார் டாக்டர்.
நானும் நின்றேன்,
சாக்கை இறக்கிவிட்டு
முள்ளையே முறைப்பவள் மாதிரி.

பதினொன்று தாராபுரத்து மெக்கானிக்.
இமை தொங்கும். என்னைப் பார்க்க
விரலால் ஒரு கண்ணைத் தூக்கிக்கொள்வார்.
பெயர் கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை,
நாங்களாகக் கேட்டுக்கொள்ளவில்லை.
'எனக்கு முப்பத்திரண்டு பர்சென்ட் இறங்கிருச்சுங்க'
என்று போன மாசம்
வார்டு முழுக்க வர்க்கி கொடுத்தார்.
கோத்தகிரிக்காரியான என் கையிலும்
இரண்டு வைத்தார், கிரீஸ் மணக்க.

இந்தச் செவ்வாய் அவர் நாற்காலியில் ஒரு போர்வை.
'பதினொன்று?' என்றேன்.
'சொல்லக் கூடாதுக்கா' என்றாள் ஷெரின்.
பிறகு வெகுநேரம்
என் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நேற்று இங்கே விடாத மழை.
அரவேணுப் பக்கத்திலிருந்து ஒரு பெண்
சாக்கை முதுகிலிருந்தே கொக்கிக்கு மாற்றினாள்.
முள் முப்பதைத் தொட்டு, தாண்டி, திரும்பியது.
'கழிவு எவ்வளவுக்கா போடட்டும்?'
என்றான் நோட்டுப் பிடித்த பையன்.
இருடா, என்றேன்.
முதலில் ஆடாமல் நிற்கட்டும்.