ஏழரை மணி ஷேர் ஆட்டோ

பெங்களூரில் அறுநூற்றைம்பது ரூபாய்.
கோளரங்க வாசலில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தவர்
செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி
"கையிலேயே வச்சுக்குங்க" என்றார்.
இரவு முழுக்க மேல் பர்த்தில்
வயிற்றின்மேல் வைத்துப் படுத்திருந்தேன்.
ஜோலார்பேட்டையில் உடையவில்லை.
அரக்கோணத்தில் யாரோ என்மேல் பெட்டியை இறக்கியபோதும்
உடையவில்லை.
பெரம்பூரில் டீ குடிக்கையில்
ஒரு முறை பிரித்துப் பார்த்தேன்:
எலுமிச்சை அளவு சனி.
வளையம், வளையல் கனத்தில்,
வெயிலை வாங்கி பெஞ்சில் கொட்டியது.

மூலக்கொத்தளத்தில்
மெட்ரோவோ மெட்ரோ வாட்டரோ தோண்டி மூடிய பள்ளம்.
வண்டி குதித்தது. நானும்.
மடியில் 'க்ளுக்'கென்று ஒரு சத்தம்.

"இன்னாமா ஒடஞ்சுச்சு?"
எதிரில், விற்று மீந்த சங்கராவோடு ஒரு கூடைக்காரம்மா.
"சனி" என்றேன். வேறென்ன சொல்ல.
"அய்ய, காலங்காத்தால வாயப் பாரு."
"இல்லம்மா, கிரகம். கண்ணாடில பண்ணது."
"காசு குட்த்தா வாங்கினே?"
டிரைவர் திரும்பாமலே சொன்னார்:
"மணி இன்னா தெரியுமா? ஏழர."
வண்டியே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன்,
விரலில் ரத்தம் வராமலிருந்தால்.

ஆனாலும் மிண்ட்டில் ஓரங்கட்டி
ஆறு பேரும் குனிந்து
சனியின் வளையத்தைத் தேடினார்கள்.
வெல்டிங் பட்டறைப் பையன் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
மூன்று துண்டு கிடைத்தது.
கட்டைவிரல் நீளம் ஒன்று
கிடைக்கவில்லை.

தில்ஷாத்துக்காக வாங்கியது.
ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறவள்,
சீட்டுப் பணத்தில் தொலைநோக்கி எடுத்தவள்.
மணலிச் சுடர் வடக்கே எரிய
புது வண்ணாரப்பேட்டை மொட்டைமாடியில்
எனக்கு முதல்முறை காட்டினாள்:
ஒரு மிளகு, அதற்கு இரண்டு காது.
கீழே கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
அது நடுங்கியது.

மொட்டை உருண்டையைக் கையில் வாங்கி
"இந்த வருஷம் வளையம் விளிம்பைத்தான் காட்டுது.
நெச சனியே இப்படித்தான் தெரியும்" என்றாள்.
ஆறுதல்தான். எனக்குப் பத்தவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை.
அந்தத் துண்டு கூடைக்குள் விழுந்திருந்தால்?
ஐஸுக்குள் கிடக்கும் கண்ணாடியை யார் பார்ப்பது?
எந்த வீட்டுக் குழம்பில்,
எந்தப் பிள்ளையின் நாக்கில்?

விடியுமுன் காசிமேடு.
ஏலச் சத்தம், டீசல் வாடை, நூறு முதுகு.
பெயர் தெரியாது.
"பச்சைக் கூடை, ரெண்டு பக்கமும் மூக்குத்தி" என்றேன்.
"தேசம்மாவா?" என்று கை காட்டினார்கள்.

என்னைக் கண்டதும் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.
சில்லறைக்கும் வெற்றிலைக் காம்புக்கும் நடுவே
துணியில் சுற்றி வைத்திருந்தாள்.
"சங்கரா செவுள்ல குந்திக்கினு இருந்துச்சு.
ரோட்ல போட்டா எவன் கால்லயாச்சும் ஏறும்."

கை நீட்டினேன். இழுத்துக்கொண்டாள்.
"சும்மா வாங்காத. ஒட்டிக்கும்.
ஒரு ரூபா குடு."

ஆக மொத்தம்
அறுநூற்று ஐம்பத்தொரு ரூபாய்.
மீன் வாடை தனி.