தறிக்கூடத்துப் பாஷை

பெரியாஸ்பத்திரி, சீனி கிளினிக்.
என் துண்டில் அறுபத்துநாலு.
நாலு வாங்கு தள்ளி, நந்தாவதி.

இருபத்தொரு வருசம்.
உதடு மட்டும் அசைகிறது:
கால் எப்படி?
ஒரு விரல் போயிட்டு என்கிறேன், அதேமாதிரி.

இருநூறு தறி அடிக்கிற இடத்தில்
காது எதற்கு.
கிராண்ட்பாஸ் மில்லில் நாங்கள் கதைத்தது
தமிழுமில்லை சிங்களமுமில்லை,
வாய், புருவம், கொஞ்சம் விரல்.

துவான் ஜமால்டீன்?
நட்டஈட்டில் எடுத்த ஆட்டோவை
லீசிங்காரன் கொண்டுபோனான்.
பிறகு ஆளும், என்று
உள்ளங்கையைக் கவிழ்க்கிறாள்.
நீ?
குவைத்தில் ஒன்பது வருசம்,
இப்ப மகன் வீட்டுப் பின்னறை.

"சத்தம் போடாதீங்க!" மிஸ்ஸி கத்துகிறாள்,
வேறு யாரையோ.

அப்போதுதான் சொன்னேன்,
யாருக்கும் சொல்லாததை.
மில் பூட்டிய பிறகு
மட்டக்குளியில் வேலை கிடைத்ததென்று பொய் சொல்லி
எட்டு மாசம்
விடிய ஐந்தேகாலுக்குச் சோற்றுப் பார்சலோடு இறங்கி
முகத்துவாரத்துக் கல்லில் குந்தியிருந்ததை.
நட்டஈட்டுச் சல்லியைக் கொஞ்சங்கொஞ்சமாய்
சம்பளமென்று கையில் வைத்ததை.
புஷ்பமலருக்குத் தெரியாது.
தெரியாமலே போய்ச்சேர்ந்தாள்.

நந்தாவதி பையைத் திறந்தாள்,
எதையோ தேடி, மூடினாள்.

அவவுக்குத் தெரியும்.
ரெண்டாம் மாசமே என்னட்ட வந்து கேட்டவ.
பார்சலில் முட்டை எப்ப நின்றது,
யோசித்துப் பார்.

பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார்.
அறுபத்துநாலை
மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.