மஞ்சள் இழை

கோத்தகிரி ஓட்டல் மாடியில் இரண்டு நாள் வாதம்.
கேபிள் விடப் போனவன் நான்.
"எதற்கும் இங்கேயே நில்லுங்க போஜன்" என்றதால்
கடைசி நாற்காலிக்குப் பின்னால்
காதை மட்டும் உள்ளே விட்டிருந்தேன்.

தொலைத்தொடர்புக்காரர் எழுந்தார். கழுத்தில் மஃப்ளர்.
குழி வெட்டியது நாங்கள், கம்பம் நட்டது நாங்கள்,
காட்டுமாடு சாய்த்தால் திரும்ப நடுவதும் நாங்கள்.
உங்கள் படம்தான் பாதிப் பாதையை அடைக்கிறது.
பாரம் ஏற்றுகிறவர் பங்கு தரட்டும்;
தந்தவருக்குத் தனி வழி விட்டால் என்ன பிழை?

இணைய நிறுவனத்துப் பெண் சிரித்தாள்.
பார்க்கிறவர் மாதாமாதம் கட்டிய பணம் எங்கே போயிற்று?
ஒரு குடத்துக்குக் குழாயடியிலும் வாங்கி
மேகத்திடமும் வாங்குவீர்களா?
கைதட்டல். நானும் தட்டினேன்.
தட்டும்போதே ஞாபகம் வந்தது,
போன வருஷம் பஸ் நிலையத்தில் அவர்கள் வைத்த பலகை:
எங்கள் செயலி மட்டும் இலவசம்.
மழையில் கிழிந்து கிழிந்து
'இலவசம்' மட்டும் ஆடி மாதம் வரை தொங்கியது.

பதினொன்று நாற்பதுக்குத் திரை உறைந்தது.
டெல்லியிலிருந்து பேசிக்கொண்டிருந்தவர்
வாய் திறந்தபடி நின்றுபோனார்.

கருவி தூரம் சொன்னது:
ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
அப்படியென்றால் கட்டபெட்டுக்கு முந்தின வளைவு.

பைக்கில் சூசை பின்னால், மெஷின் அவன் மடியில்.
மேகம் ரோட்டில் படுத்திருந்தது.
எதிரே உரமூட்டை லாரி முனகிக்கொண்டு வர
ஓரமாய் நின்றோம்.
ஏறுகிற வண்டிக்கு முதல் வழி.
இந்த மலையில் யாரும் வாதாடாத சட்டம் அது ஒன்றுதான்.
ஏறுவது மந்திரியா மாட்டுத்தீவனமா என்று
நிற்கிறவன் எட்டிப் பார்ப்பதில்லை.

கற்பூர மரம் ஒன்று கம்பத்தைக் கட்டிப்பிடித்து விழுந்திருந்தது.
அறுந்த நுனியை இழுத்து உரித்தேன்.
பன்னிரண்டு இழை.
வரிசை மாறாது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு…
விரல் தானாக நீலத்தை எடுத்தது.
நீலம் ஆஸ்பத்திரி. பச்சை, இலை எடை போடும் சொசைட்டி.
மற்றதில் பாதி யாருடையது என்று எனக்கே தெரியாது;
வெளிச்சத்தில் பெயர் எழுதியிருக்காது.

போன். தணிகாசலம் சார்.
"போஜா, மஞ்சள். முதல்ல மஞ்சளைப் போடு.
ஓட்டல்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க."
மஞ்சள் ஒன்பதாவது சார்.
"எனக்குத் தெரியாதா? போடு."

சூசை என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு குடையைத் தாழ்த்தி
மெஷினை மட்டும் பார்த்தான்.

நீலத்தைக் கீழே வைத்தேன்.
மஞ்சளைத் துடைத்தேன், வெட்டினேன், முனையோடு முனை வைத்தேன்.
ஒரு பொறி, தீக்குச்சித் தலையில் பாதி.
இழப்பு: புள்ளி பூஜ்யம் ஒன்று.
இந்த வருஷம் நான் போட்டதிலேயே நல்ல இணைப்பு.
மணி பன்னிரண்டே முக்கால்.

அப்புறம் நீலம். ஆறு நிமிஷம் தள்ளி.
மழை வலுத்துப் பச்சைக்கு இரண்டு தடவை.
எல்லாம் முடிய இரண்டாயிற்று.

கையெழுத்து வாங்கத் திரும்பிப் போனேன்.
சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
டெல்லிக்காரர் குரல் ஒரு சொல்லும் அறுபடாமல் வந்தது:
இவர் முந்தி, அவர் பிந்தி என்று நிறுத்திவிட்டால்
அப்புறம் அது வலையே இல்லை.
மஃப்ளர்காரர் தலையாட்டாமல் எழுதிக்கொண்டார்.
அந்தப் பெண் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னாள்.
சேறு படிந்த என் காலைப் பார்த்து
"நீங்க இல்லேன்னா இன்னிக்கு ஒண்ணும் நடந்திருக்காது" என்றாள்.
டீ நன்றாகத்தான் இருந்தது.

படிவத்தில் பழுதான நேரம், சரியான நேரம், இழப்பு.
எதை முதலில் போட்டாய் என்று ஒரு கட்டம் இல்லை.
இருந்தால் எழுதியிருப்பேனா, தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
ரூட்டர் பார்க்கிற சாக்கில்.
"நெட் போறது புதுசா?
சீட்டு வராதப்போ நோட்டுல எழுதிடுவோம்" என்று
சீட்டுக் கொடுக்கும் பெண் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
பன்னிரண்டே முக்காலுக்கும்
பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கும் நடுவே
பால்பாயிண்ட் பேனாவில் நாலு பெயர்,
வந்த வரிசையில்.