வாய்க்கு ஒன்றுமில்லை

கிளிநொச்சி, சிறுவர் வாட்டு.
வலப்பக்க அடிவயிறு. தொட்டால் உதறுகிறான் தணிகன்.
அப்பெண்டிஸ் என்று எழுதினேன்,
தியேட்டருக்கும் சொல்லியாயிற்று.

ஸ்கான் வேறு சொன்னது:
குடல்வால் சும்மா கிடக்கிறது.
பெருங்குடல் சுவரில் ஒரு பை,
சுண்டுவிரல் நகமளவு,
வீங்கி, சுற்றிலும் கொழுப்பு கலங்கி.

தாய் படத்தை வாங்கி
ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
"இது இரும்பில்லைத்தானே, டொக்டர்?
என்ர வயித்தில ஒண்டு கிடக்கு, எடுக்கேலாதெண்டவை.
இவனைச் சுமக்கேக்கையும் கிடந்தது."

இல்லை அம்மா.
வெட்டவும் வேண்டாம்.
ஊசிமருந்து, சேலைன்,
பொறுத்துப் பார்ப்பம்.

மூன்றாம் இரவு காய்ச்சல் இறங்கியது.
விடியப்புறம், வாட்டே கேட்க,
அவனுக்குக் காற்றுப் பிரிந்தது.

அவள்தான் முதலில் சிரித்தாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
கஞ்சி என்று எழுதினேன்.