வெளுப்பு

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே முக்கால்.
ஏ.வி. பாலத்துக்குக் கீழே வைகை
தண்ணீராகவும் இல்லாமல் மணலாகவும் இல்லாமல்
கோரையும் கருவேலமுமாகக் கிடக்கிறது.
நடுவே ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மட்டும்
ஆறு என்று பெயர்.

கொடிகளில் லாட்ஜ் விரிப்புகள்.
நூற்றுப் பதினாறு.
எண்ணியவள் முத்திருளாயி.
ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூலில்
ஏதோ ஒரு லாட்ஜின் முதலெழுத்து.

வாரத்தில் ஆறு நாள் நான்
பெரியாஸ்பத்திரியில் எலும்புகளைப் படம் எடுக்கிறவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
அங்கே வெளிச்சம் என் சொல் கேட்கும்.
இங்கே கழுத்தில் தொங்குவது
இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்ற
பழைய ரேஞ்ச்ஃபைண்டர்.
பார்க்கிற சன்னலின் நடுவே
நெல்மணி அளவில் ஒரு மங்கல் கட்டம்.
அதற்குள் எல்லோரும் இரண்டு பேர்.
வளையத்தைத் திருகத் திருக
ஒருத்தி இன்னொருத்தியை நோக்கி நகர்வாள்.
மூக்குத்தி மேல் மூக்குத்தி வந்து உட்காரும்போது
அழுத்த வேண்டும்.

அவ்வளவுதான்,
வெயில் சாயாத வரைக்கும்.

இன்றைக்குச் சாய்ந்துவிட்டது.
விரிப்பில் விழுந்து,
விரிப்பிலிருந்து கேமராவின் சின்னச் சன்னலில் விழுந்து,
உள்ளே எந்தெந்தக் கண்ணாடியிலோ முட்டிக்கொண்டு
சரியாக அந்தக் கட்டத்தில் வந்து
பாலாய்க் கொட்டுகிறது.
முத்திருளாயி இரண்டும் இல்லை,
ஒன்றும் இல்லை.
வெள்ளை.
ஆஸ்பத்திரி ஃபிலிமில் வெளிச்சம் புகுந்தால் கறுக்கும்.
அதையாவது தூக்கிப் போடலாம்.

"எடுத்துட்டீகளாக்கா?"

இல்லை.
கண்ணை ஓர் எள்ளளவு இடப்பக்கம் தள்ளினால்
கட்டத்துக்கு உயிர் வருகிறது,
சட்டத்தின் ஒரு கோடு காணாமல் போகிறது.
தலையைச் சரித்துப் பார்க்கிறேன்,
கோழி பருந்தைப் பார்ப்பதுபோல.
துப்பட்டாவைப் போர்த்திப் பார்க்கிறேன்,
வியர்வைதான் வருகிறது.
நடுச் சன்னலை விரலால் மறைத்தால்
ஆள் தெரிகிறாள்.
எல்லைக் கோடுகள் மொத்தமும் அணைந்து
படம் எதுவரைக்கும் என்பது தெரியவில்லை.

சோணைமுத்து பிழிவதை நிறுத்திவிட்டு
"காசு குடுத்தா வாங்குனீக?" என்கிறான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.
"எங்கிட்டு இருந்து கூசுது?" என்று கேட்டு
என் பக்கத்தில் வந்து நின்றாள்.
சூரியனைப் பார்க்கவில்லை, துணிகளைப் பார்த்தாள்.
"அந்தா, அஞ்சாவது. நீலம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."
போய் அதை உருவினாள்,
ஈரத்தோடு இரண்டு கையால் விரித்து
வெயிலுக்கு முன்னால் பிடித்தாள்.

கட்டம் திறந்தது.
கழுவிய சிலேட்டு மாதிரி.
உள்ளே இரண்டு சோணைமுத்து,
இரண்டு முறுக்கிய துணி,
இரண்டிலும் சொட்டும் தண்ணீர்.

"நீ போய் நில்லு, உன்னத்தான் எடுக்கணும்."
"நா அங்க நின்னா
இத யாரு புடிக்கிறது?"

பதில் இல்லாததால் அழுத்தினேன்.

புதன்கிழமை குளியலறையில் கழுவினேன்.
அந்த வெள்ளை எந்தச் சட்டத்திலும் இல்லை.
துப்பட்டாவுக்கு முன்னால்,
கோழிக் கழுத்துக்கு முன்னால்,
குருட்டாம்போக்கில் அழுத்திய மூன்றிலும்கூட
லென்ஸ் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.
கூசியது எனக்கு மட்டும்.

கடைசிப் படத்தில்
மேல் மூலையில் கத்தரிக்காயாய் என் விரல்.
இடது ஓரத்தில், நான் கணக்கில் வைக்காத இடத்தில்
விரிப்பின் விளிம்பைப் பற்றிய இரண்டு கைகள்,
தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்நுனிகள்,
தலைகீழாக ஒரு முதலெழுத்து.

அடுத்த ஞாயிறு பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
புறங்கையை இடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினாள்.
கைகளை அவள் பார்க்கவில்லை.
சோணைமுத்துக்குப் பின்னால் தொங்கும் துணிகளில்
கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்றை
நகத்தால் தொட்டாள்.
நெகட்டிவில் ஊசிக்குத்து என்று
நான் நினைத்திருந்த புள்ளி.

"வெத்தலைக் கறைக்கா.
இத எப்படி விட்டேன்?"