மூன்று கதிர்கள் திரும்பவில்லை

நோவு தெரியாத கால்
எங்கே நோகும் என்று கண்டுபிடிப்பது
என் உத்தியோகம்.
காட்பாடி ரோட்டில், மேம்பாலம் தாண்டி,
மாடியில் ஓர் ஏசி அறை.
கீழே ரத்தப் பரிசோதனை, பக்கத்தில் ஜெராக்ஸ்.

முனிரத்தினத்தின் இடது செருப்பைச்
சுழலும் மேசையில் வைத்தேன்.
நாலு மாதம் முன்பு நாங்களே செய்து கொடுத்தது.
மென்ரப்பர், நீலப் பட்டை,
குதிகாலில் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
"செருப்பு நல்லாத்தான் கீது மேடம்,
வார் மட்டும் மாத்திக் குடுங்க."
சர்க்கரை பதினெட்டு வருஷம்.
வேலை, வெங்காய குடோனில் வாட்ச்மேன்.
"நாற்காலிதான். நடையே கெடையாது."

ஸ்கேனர் சுற்றிப் பார்த்து
இரண்டு லட்சத்துச் சொச்சம் முக்கோணங்களைக் கொட்டியது.
ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும்
உள்பக்கம் செங்குத்தாக ஒரு கதிரை அனுப்ப வேண்டும்.
எதிர்ப்பக்கத்தில் அது முட்டும் தூரம்
தடிமன்.
சுலபம் போலத்தான் தெரியும்.
விளிம்பில் நிற்கும் முக்கோணம்
செருப்பின் நீளம் முழுக்கப் பார்த்துவிட்டு
இருநூற்று நாற்பது என்கிறது.
பொய்யில்லை. எந்தத் திசையில் பார்க்கச் சொன்னேனோ
அந்தத் திசைக்குப் பதில்.

அதனால் பந்து.
உள்ளே ஒரு பந்தை வைத்து ஊது,
மேலும் கீழும் இடிக்கும் வரை.
விட்டத்தைத் தடிமன் என்று எழுதிக்கொள்.
விளிம்பில் அது அடங்கி உட்காரும்,
இடுக்கில் கடுகாகும்.
வெர்னியரின் தாடை எட்டாத நடுப்பாதத்துக்கு
அது மட்டும்தான் போய் வருகிறது.

நிறம் ஏறியது.
நீலம் பன்னிரண்டு. பச்சை எட்டு.
குதியின் வெளியோரம் ரத்தச் சிவப்பு:
இரண்டு புள்ளி ஏழு.
நாற்காலியில் உட்கார்ந்தவர்
ஒன்பது மில்லிமீட்டரை எங்கே தொலைத்தார்?
கேட்டேன். பிடரியைச் சொறிந்தார்.
"விடியக்காலம் லாரி வரும். சும்மா
நாலு மூட்டை எறக்குவேன்.
டாக்டராண்ட சொல்லிடாதீங்க."
புது அச்சில் குதிக்கு மூன்று மில்லி கூட்டினேன்.
டாக்டரிடம் சொல்லவில்லை.

பெருவிரலடியில் மூன்று கதிர்கள் மட்டும்
எதிலும் முட்டாமல் போயிருந்தன.
தடிமன்: முடிவிலி.
பழகிய கோளாறுதான். ஸ்கேனர் கண்சிமிட்டிய இடத்தில்
முக்கோணம் ஒன்று விட்டுப்போயிருக்கும்.
ஓட்டைகளை அடை என்றொரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன். அடைபட்டது.
ஐந்து புள்ளி இரண்டு. எல்லைக்குள்.
டீ வந்தது.

ஏழரைக்குக் கோப்பை மூடும்போது
அடைத்த இடங்களின் பட்டியல் திரையில் ஓடியது.
மேல்பரப்பில் ஒன்று.
அடிப்பரப்பில் ஒன்று.
எண்களை ஒத்துப் பார்த்தேன்.
நேருக்கு நேர்.
எந்த ஸ்கேனரும்
இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கண்சிமிட்டாது.

பையிலிருந்து செருப்பை எடுத்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஒன்றுமில்லை.
வளைத்தேன்.
ரப்பர் வாய் திறந்தது,
அரிசிக் குருணை அளவு வெளிச்சம்,
ஓரத்தில் துரு.

ஆறாவது மணியில் எடுத்தார்.
"ஆணியா? இன்னா மேடம், ஒண்ணும் நோவலியே."
அதைத்தான் சொல்றேன் என்றேன்,
குரல் உயர்ந்துவிட்டது.
யாரையாவது பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்க.
இப்பவே. காலைக் கழுவிட்டு.

"அமுலு, இங்க வா."
ஏதோ பாத்திரம் நகர்கிறது.
டிவியின் சத்தம் குறைகிறது.
என் திரையில் செருப்பு
தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது,
ஓர் ஓட்டைகூட இல்லாமல்.
டார்ச் எங்க வெச்ச என்று
அங்கே யாரோ யாரையோ கேட்கிறார்கள்.